பின்வீட்டுக் கொம்பியூட்டர்

சீதேவிப்பிள்ளைக்கு மூன்று பெண் மக்கள், ஆண்பிள்ளை இல்லை. தொண்ணூறாம் ஆண்டு சந்தைக்குப் போன புருசனும் திரும்பி வரவில்லை. மூத்தவள் நேசமலருக்கு அமிர்தகழி ஊரில் தன் காணி வளவின் முன்வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுத்து, அழகரத்தினத்தை மருமகனாக எடுத்தார். அன்றிலிருந்து பதினொரு வருசம் அந்த வளவுக்குள் ஆண்பிள்ளை வேலை எல்லாம் அழகரத்தினத்தின் தலையில்தான். அவருக்கும் அதுதான் பெருமை.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் அவர் மின்பகுதி ஆள். தண்ணி மோட்டர் நின்றாலும், அன்ரனா காற்றுக்குச் சரிந்தாலும், ரேடியோ இரைந்தாலும் மாமியின் குரல் வேலிக்கு மேலால் வரும். "மருமகன், இதை ஒருக்காப் பாருங்களன்." பார்த்துச் சரியாக்கிக் கொடுத்தால், வருகிற போகிற எல்லாரிடமும் மாமி சொல்லுவார்: "எங்கட மருமகன் தொட்டா செத்த மெசினும் எழும்பும்." அந்த ஒழுங்கையில் முதலில் வீடியோ டெக் வாங்கியதும் அழகரத்தினம்தான். ஆலையில் வேலை நாட்கள் குறைந்து கையில் காசு மட்டாகிய காலத்திலும் அந்த டெக்கை அவர் விற்கவில்லை. துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

பிறகு இரண்டாமவள் கோமளாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை யோகராசா. வளவின் பின்பக்கம், வாவிக்கரையைப் பார்த்தபடி அவர்களுக்கு வீடு கட்டியானது. கோமளாவுக்குப் பிள்ளை பிறந்ததும், கைக்கு உதவி என்று மாமி முன்வீட்டில் இருந்த தன் கட்டிலைப் பின்வீட்டுக்கு மாற்றினார். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது அழகரத்தினம். மற்றப் பக்கத்தைத் தூக்கியது யோகராசா. "பாத்து அண்ணன், நிலை இடிக்கும்," என்று அவன் சொன்னது கூட அழகரத்தினத்துக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை.

யோகராசாவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய கரைச்சல். குடிக்கமாட்டான், சத்தம் போட்டுப் பேசமாட்டான். சுனாமிக்குப் பிறகு ஊருக்குள் வந்த தொண்டு நிறுவனம் ஒன்றில் கொம்பியூட்டரில் கணக்கெடுப்பு விவரம் பதிகிற வேலை அவனுக்கு. ஒரு நாள் சொந்தமாகவே ஒரு கொம்பியூட்டரை வாங்கி ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். கள்ளியங்காட்டு இராணுவச் சென்றியில் பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மாமி அந்தப் பெட்டிக்குத் திருநீறு பூசிப் பொட்டு வைத்தார். பதின்மூன்று வருசத்துக்கு முன்னால் தன் டெக்குக்குப் பூசியதை விடக் கொஞ்சம் அதிகமாகவே பூசினார் என்று அழகரத்தினத்துக்குப் பட்டது.

அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் வரும் குரல் குறைந்தது. மோட்டர் நின்றால் யோகராசா ஆளைக் கூட்டி வந்தான். அன்ரனா சரிந்தால் அவனே ஏறினான். அழகரத்தினம் முன்வீட்டு விறாந்தையில் இருந்து, அவன் கம்பியை எந்தப் பக்கம் கட்டுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பிழையாகக் கட்டினால் மனதுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வரும். சரியாகக் கட்டினால் எழும்பி உள்ளே போய்விடுவார்.

இப்படி இருக்கையில், பெப்ரவரி மாதக் கடைசியில் கடைக்குட்டி திலகேஸ்வரி ஒரு செய்தியோடு வந்தாள். அவள் வெல்லாவெளிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கிழமை நாட்களில் அங்கேயே தங்கி, வெள்ளிக்கிழமை சென்றிகளைத் தாண்டி வீட்டுக்கு வருவாள். மகளிர் தினத்துக்காகக் கொழும்பில் ஒரு தொலைக்காட்சிப் பட்டிமன்றம் எடுத்தார்களாம், அதில் இவளும் பேசியிருக்கிறாளாம். வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு பின்னேரம் நாலரைக்குப் போடுவார்களாம். ஒரே ஒரு தடவைதான்.

"அந்த ஞாயிறு எனக்கு வர ஏலா. பிள்ளைகள்ட சோதனை மேற்பார்வை இரிக்கி," என்றாள் திலகா. "நான் தங்கிற இடத்தில டீவியும் இல்ல."

மாமிக்கு முகம் விழுந்தது. அவருடைய வலது கண்ணுக்கு அந்த ஞாயிறுக்கு முதல் நாள்களில்தான் சத்திரசிகிச்சை. கட்டு அவிழ்த்து, டொக்டர் சொல்லும்வரை டீவிப் பக்கம் திரும்பவே கூடாது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

"அதைப் பதிஞ்சு வைக்க ஏலாதா? ஆறுதலாப் பார்ப்பன்," என்று கேட்டார் மாமி. கேட்டது அழகரத்தினம் இருந்த பக்கம் பார்த்துத்தான். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டெக்கின் தலையைத் துடைத்து, ஒரு நல்ல கெசட்டாகப் பார்த்து, என்று அவர் கணக்குப் போடுவதற்குள் யோகராசா வாயைத் திறந்தான்.

"கொம்பியூட்டர்லயே பதியலாம் மாமி. ஒரு டீவி கார்ட் வாங்கிப் போட்டாச் சரி. சீடியில அடிச்சு வச்சா எத்தினை வருசமும் கிடக்கும். கெசட் மாதிரிப் பூஞ்சணம் பிடிக்காது."

பூஞ்சணம் என்ற அந்தச் சொல் அழகரத்தினத்தின் வயிற்றுக்குள் போய்க் குந்திக்கொண்டது. ஏனென்றால் அது உண்மை. நேசமலரின் கலியாணக் கெசட்டிலேயே வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்ததை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"அப்ப சின்ன மருமகன் பதிஞ்சு தருவார்," என்று மாமி திலகாவுக்குச் சொன்னார். கதை முடிந்தது.

அன்று பின்னேரம் யோகராசா முன்வீட்டுக்கு வந்தான். "அண்ணன், நாளைக்குக் காத்தான்குடிக்குப் போவமா? பாறூக் நானாட கடையில கார்ட் இரிக்காம். கரண்ட் விசயம் தெரிஞ்ச ஆள் நீங்க. நீங்க பாத்து எடுத்தா நல்லம்."

"எனக்கு வேலை கிடக்கு தம்பி," என்றார் அழகரத்தினம்.

வேலை ஒன்றும் இல்லை. மறுநாள் யோகராசா கந்தோர் வேலைக்குப் போன கையோடு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் காத்தான்குடிக்குப் போனார். ஏன் போகிறார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இளையவனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பாறூக் பொறுமையான மனிதர். கடையில் ஆள் இல்லாத நேரம். மூன்று பெட்டிகளை மேசையில் எடுத்து வைத்தார்.

"இந்தா, இது வெளியில வைக்கிற பெட்டி. மொனிட்டருக்குக் கொழுவினா டீவி தெரியும். ஆனா படம் கொம்பியூட்டருக்குள்ள போறல்ல. பார்க்கலாம், பதிய ஏலா. இது தெரியாமக் கனபேர் வாங்கிற்றுப் போய் மறுகா சண்டைக்கு வாறாங்க."

அடுத்தது கொம்பியூட்டருக்குள் செருகுகிற சாதாரண கார்ட். அது படத்தை உள்ளே எடுக்கும், ஆனால் படத்தைச் சுருக்குகிற வேலையைக் கொம்பியூட்டரின் மூளைதான் செய்ய வேண்டும். மூளை பலமில்லாவிட்டால் படம் வெட்டி வெட்டி விழும். மூன்றாவது கார்ட்டில் சுருக்குவதற்கென்றே தனியாக ஒரு சிப் இருந்தது. விலை கூட. அதைக் கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும், பாதை எப்போது பூட்டும் எப்போது திறக்கும் என்று சொல்ல ஏலாது.

"சாதாரண கார்ட் காணும், ஆனா விசயம் சொப்ட்வெயார்ல இரிக்கி," என்றார் பாறூக். "கார்ட்டோட வாற சீடியில உள்ளது தானாவே ஆக உயர்ந்த தரத்துக்கு நிக்கும். அப்பிடியே விட்டா இருபது நிமிசத்துக்குள்ள நாலு ஜீபி. டிஸ்க்கைப் பழைய முறையில பிரிச்சிருந்தாங்க எண்டா, ஒரு கோப்பு நாலு ஜீபிக்கு மேல போகாது. டக்கெண்டு நிண்டிரும். தரத்தைச் சீடி அளவுக்கு இறக்கி விடணும், அதுக்கு ரெண்டு தட்டுத்தான். ஒரு மணித்தியாலப் படமும் ஒரு கோப்புக்குள்ள நிண்டிரும்."

இன்னும் சொன்னார். ஒலிக்குத் தனி வயர் பின்னால் எந்தத் துளையில் போக வேண்டும் என்று காட்டினார். நம் நாட்டு ஒலிபரப்புக்கு எந்த முறையைத் தெரிய வேண்டும், பிழையாகத் தெரிந்தால் சத்தம் எப்படி இரையும் என்றும் விளக்கினார். அழகரத்தினம் ஆலையில் புது மெசின் வந்தால் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். பாறூக் தன் கொம்பியூட்டரிலேயே ஓட்டிக் காட்டினார். வெயில் சாயும்போது, அந்த விசயத்தில் அமிர்தகழியில் அழகரத்தினத்தை விடத் தெரிந்த ஆள் இருக்கவில்லை. ஆனால் அவரிடம் கொம்பியூட்டர் இல்லை.

அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் யோகராசா மறுபடியும் வந்தான். இணையத்தில் இருந்து எடுத்த நாலைந்து தாள்களை விரித்தான். "இதில எது நல்லம் அண்ணன்? எனக்கு இங்கிலீசு விளங்குது, விசயம் விளங்குதில்ல."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. யோசனை சொன்னவனை ஆர் நினைக்கப் போகிறார்கள்? மெசின் வீட்டுக்காரன் பேர்தான் நிற்கும். மாமி அவன் தலையைத்தான் தடவுவார்.

"இதெல்லாம் புதுச் சாமான் தம்பி. எனக்கு ஒண்டும் விளங்காது," என்றார்.

யோகராசா தாள்களை மடித்துக்கொண்டு போனான்.

அவன் வாங்கி வந்தது உள்ளே செருகும் சாதாரண கார்ட். சனிக்கிழமை அதைப் பூட்டினான். அழகரத்தினமும் போய் நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. படம் வந்தது, ஆனால் சத்தம் காய்ந்த ஓலையை இழுப்பது போல இரைந்தது. எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணித்தியாலம் தேடி யோகராசா தானாகவே அதைப் பிடித்தான். கோமளா கைதட்டினாள். ஐந்து நிமிசம் செய்தியைப் பதிந்து போட்டுக் காட்டினான். பளிங்கு போல இருந்தது.

அழகரத்தினத்தின் கண் மட்டும் திரையின் மூலையில் நின்றது. தரம் என்ற இடத்தில் ஆக உயர்ந்ததுதான் கிடந்தது. டிஸ்க்கும் பழைய முறையில் பிரித்ததுதான். ஐந்து நிமிசத்துக்குப் பிழைக்காது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிழைக்கும். கேட்காதவனுக்குச் சொல்லாமல் விடுவது பொய் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். யோகராசா இரண்டு தரம் கேட்டான் என்பதை அவர் மறந்துவிடவில்லை. அதை நினைக்காமல் விட்டார்.

மாமிக்குச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கொஞ்சம் வீக்கம் என்று கட்டை இன்னும் ஒரு கிழமைக்கு வைத்திருக்கச் சொன்னார்கள்.

பட்டிமன்றம் போடுகிற அந்த ஞாயிறு யோகராசாவுக்கு லீவு இருக்கவில்லை. கிரான் பக்கம் ஏதோ விவரம் எடுக்க விடிய வெள்ளணவே கூப்பிட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் நாலு மணிக்குப் போன் எடுத்தான். எடுத்தது அழகரத்தினத்துக்கு.

"அண்ணன், இஞ்ச றோட்டில வெடி ஒண்டு. பாதையைப் பூட்டிற்றாங்க. எங்களை இறக்கி வரிசையில விட்டிரிக்கி. எப்ப விடுவாங்களோ தெரியாது."

"உனக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்ல அண்ணன். நான் நல்லா இரிக்கன். மாமிக்குச் சொல்லாதீங்க, பயப்பிடுவா. வேலை எண்டு சொல்லுங்க." பின்னால் ஆரோ அதட்டுகிற சத்தம் கேட்டது. "அண்ணன், பட்டிமன்றத்தை நீங்கதான் போட்டு விடணும். எல்லாம் ஆயத்தமாத்தான் கிடக்கு. சிவப்புப் பொத்தானைத் தட்டினாச் சரி."

அழகரத்தினம் பின்வீட்டுக்குப் போனார். கோமளா உள்ளறையில் பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டிருந்தாள். நேசமலர் திலகாவைப் பார்க்க அயல் வீட்டுப் பெரிய டீவிக்குப் போய்விட்டாள். மாமி மட்டும் கூடத்தில், கண்ணில் வெள்ளைக் கட்டோடு, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். டீவியைப் பார்க்கத்தான் கூடாது, கேட்கக்கூடாது என்று டொக்டர் சொல்லவில்லை. புதுச் சேலை கட்டியிருந்தார்.

"ஆர், சின்ன மருமகனா?"

"நான் மாமி, அழகரத்தினம். தம்பிக்கு வேலை முடியல்லயாம். என்னைப் போடச் சொன்னவர்."

"ஆ, நீங்களா. அப்ப பயமில்ல," என்றார் மாமி.

அவர் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். நாலு இருபது. தரத்தை இறக்க இரண்டு தட்டு. பாறூக் கடையில் தன் கையாலேயே செய்து பார்த்தது. மவுஸைப் பிடித்த கை அங்கே போகவும் போனது. போன இடத்தில் நின்றது. இவன் வைத்தது வைத்தபடியே கிடக்கட்டும். பிழைத்தால் அது இவன் வைத்த பிழை. நான் இவன் சொன்னதைச் செய்தேன், சிவப்புப் பொத்தானைத் தட்டினேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், இந்த வளவுக்குள் யோகராசா தோற்றதை எல்லாரும் பார்க்கட்டும்.

நாலரைக்குப் பொத்தானைத் தட்டினார்.

நடுவர் வந்தார், வணக்கம் சொன்னார், தலைப்பைச் சொன்னார். குடும்பப் பாரத்தைக் கூடச் சுமப்பது வேலைக்குப் போகும் பெண்ணா, வீட்டில் இருக்கும் பெண்ணா என்று. இரண்டு பேர் பேசி முடித்தார்கள். மூன்றாவதாகத் திலகா எழும்பினாள். நீலச் சேலை, காதில் மாமியின் பழைய தோடு. மாமி கதிரை நுனிக்கு வந்தார். "என்ன நிறச் சேலை?" என்று கேட்டார். "நீலம் மாமி," என்றார் அழகரத்தினம்.

திலகா பேசத் தொடங்கி ஒரு நிமிசம் ஆகியிருக்காது. திரையின் நடுவில் சின்னப் பெட்டி ஒன்று குதித்து வந்தது. பதிவு நின்றுவிட்டது. பாறூக் சொன்னது போலவே, டக்கென்று. பின்னால் திலகா பேசிக்கொண்டே இருந்தாள், ஆனால் அவள் சொல்லுகிற ஒன்றும் எங்கேயும் சேரவில்லை.

பெட்டியை மூடிவிட்டு மறுபடியும் தட்டினால் தொடங்கும். அழகரத்தினம் கையை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் ஒரு இனிப்பு ஊறியது. அதை அவர் மறைக்கவும் இல்லை, மறைக்க வேண்டிய ஆளும் அங்கே இல்லை.

"பதியுதா மருமகன்?"

அவர் திரும்பிப் பார்த்தார். மாமி கட்டுப் போட்ட முகத்தை இவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"ஓம் மாமி. பதியுது," என்றார்.

மாமி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் மகளின் குரலுக்குக் காதைக் கொடுத்தார். திலகா ஏதோ பகிடியாகச் சொன்னாள், சபை சிரித்தது. மாமியும் சிரித்தார். வெல்லாவெளிப் பாதையில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற டீச்சர்மாரைப் பற்றிச் சொன்னாள், சபை அடங்கிப் போய்ப் பிறகு கைதட்டியது. கட்டின் கீழ்விளிம்பு நனைவதை அழகரத்தினம் கண்டார்.

"அழாதீங்க மாமி. கண்ணுக்குக் கூடாது."

"அழல்ல. இதை நான் பார்க்கத்தானே போறன். அதுதான்," என்றார் மாமி.

ஊறிய இனிப்பு அந்த இடத்தில் கசந்து போனது. யோகராசாவை விழுத்துவதற்கு அவர் வெட்டிய குழிக்குள், இந்த மனிசி கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து வருகிறார். பெட்டியை மூடி, அவசரம் அவசரமாகச் சிவப்புப் பொத்தானைத் தட்டினார். நாலு ஐம்பத்து நாலு. திலகா கைகூப்பி இருக்கப் போனாள். இரண்டாம் தரம் ஐந்தே கால் மட்டில் பதிவு நின்றபோது, ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் மறுபடி தொடக்கினார். கடைசிவரை கையை மவுஸில் இருந்து எடுக்கவே இல்லை.

யோகராசா ஏழு மணிக்கு வந்தான். சட்டை முழுக்கப் புழுதி, ஒரு முழங்கையில் உரசல். மாமிக்குக் கேட்காமல் முகம் கழுவிவிட்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். அழகரத்தினம் போகாமல் அங்கேயே நின்றார். போயிருக்கலாம்.

விவரம் பதிகிறவனுக்கு எண்கள்தான் முதலில் கண்ணில் படும். மூன்று கோப்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனைக்குத் தொடங்கி எத்தனைக்கு முடிந்தது என்று மெசின் தானே எழுதி வைத்திருந்தது.

"இரண்டாவது முடிஞ்ச உடன மூண்டாவது தொடங்கியிரிக்கி," என்றான் மெதுவாக. "முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில நாலு நிமிசம் இல்ல அண்ணன்."

"எனக்கென்ன தெரியும்? நீ சொன்னதைத் தட்டினன்."

யோகராசா திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னான். "கார்ட் வாங்கப் போன அண்டைக்கு பாறூக் நானா சொன்னவர், உங்கட சகலன் முந்தநாள் வந்து எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிற்றுப் போனார், இனி உங்களுக்கு என்ன கவலை எண்டு. நான் நினைச்சன், பூட்டுற நேரம் சொல்லுவீங்க எண்டு. அண்டைக்கு அதுதான் கொஞ்ச நேரம் சத்தத்தைச் சரியாக்காமத் தேடிக்கொண்டு இருந்தன்."

அழகரத்தினத்துக்குக் காது சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். அவன் மெசினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன நடந்த?" என்று நேசமலர் கேட்டாள். "ஆலையில கரைச்சல்," என்றார்.

அடுத்த ஞாயிறு கட்டு அவிழ்த்தாயிற்று. திலகாவும் வந்திருந்தாள். எல்லாரும் பின்வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். மாமிக்கு வலது கண் துலாம்பரமாகத் தெரிந்தது. சுவரில் ஊர்கிற பல்லியைக் கூடக் காட்டிக் காட்டிச் சொன்னார். யோகராசா படத்தைப் போட்டான். நடுவரைப் பார்த்தார், மற்றப் பேச்சாளர்களைப் பார்த்தார், நீலச் சேலையோடு மகள் எழும்பியதும் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார். திலகா நாலு வசனம் பேசினாள். உடனே கைகூப்பிக்கொண்டு இருந்துவிட்டாள்.

"நிப்பாட்டுங்க," என்றார் மாமி. "இவள் சிரிக்கச் சிரிக்கப் பேசினவள். டீச்சர்மாரைப் பற்றிச் சொன்னவள். கைதட்டினாங்க. அது எங்க?"

யோகராசா படத்தை நிப்பாட்டினான். "அதில கொஞ்சம் விடுபட்டிரிக்கி மாமி. தரத்தைக் கூட்டி வச்சிற்றன். என்ட பிழை."

அழகரத்தினம் சுவரோடு சாய்ந்து நின்றார். அவன் தன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் மாமி கையை நீட்டி யோகராசாவின் தோளைத் தடவினார். "பறவாயில்ல மனே. நீ என்ன வேணுமெண்டா செய்த? அண்டைக்கு நீ றோட்டில பட்ட பாட்டை மறுகாத்தானே கேள்விப்பட்டன். உசிரோட வந்தியே, அது போதும்."

அந்தக் கையைப் பார்த்ததும் அழகரத்தினத்துக்குள் பழைய முள் அசைந்தது. கட்டில் போனது, குரல் போனது, பேர் போனது. இப்போது தான் செய்த பிழைக்கான மன்னிப்பும் அவனுக்கே போகிறது. அதையாவது விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நல்ல மனதால் சொன்னார் என்று சொல்ல முடியாது. பொறாமையால்தான் சொன்னார்.

"அது தம்பிட பிழை இல்ல மாமி. நான் செய்த."

எல்லாரும் திரும்பினார்கள்.

"இடையில நிக்கும் எண்டு எனக்கு முதலே தெரியும். பாறூக்கிட்டக் கேட்டு வச்சிருந்தன். சொல்லல்ல. நிண்ட நேரம் திரும்பப் போட்டிருக்கலாம். நாலு நிமிசம் பார்த்துக்கொண்டு இருந்தன்."

"ஏன்?" என்று கேட்டாள் திலகா. நேசமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

மாமி புதிதாகத் தெரியத் தொடங்கிய கண்ணால் அவரைப் பார்த்தார். "நான் கேட்டன் தானே, பதியுதா எண்டு," என்றார். திலகா மட்டும் விடவில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தன்னைச் சைக்கிளில் ஏற்றிப் போன அத்தான் இப்படிச் செய்வாரா என்று கேட்டு அழுதாள். கோமளா, அந்தத் துண்டை இப்ப ஒருக்கா அம்மாவுக்குப் பேசிக் காட்டன் என்று சமாதானம் பண்ணப் பார்த்தாள். "மறந்து போயிற்று," என்று சொல்லிவிட்டுத் திலகா அறைக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு மாதம் மாமி அவரோடு பேசவில்லை. சண்டையும் இல்லை. மீன் வந்தால் பங்கு வரும், நேசமலரின் கையில் வரும். வேலிக்கு மேலால் குரல் மட்டும் வராது.

பேசியது யோகராசாதான். ஒரு நாள் முன்வீட்டு வாசலில் வந்து நின்று, "டிஸ்க்கைத் திரும்பப் பிரிக்கப் போறன் அண்ணன். பக்கத்தில இருந்து சொல்லித் தாறீங்களா?" என்று கேட்டான். அழகரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். இரண்டு மணித்தியாலம் இருந்து தெரிந்ததை எல்லாம் சொன்னார். எந்தத் தரம், எந்த முறை, கரண்ட் போனால் பதிந்ததும் போகாமல் இருக்க யூபிஎஸ் எவ்வளவு வேணும், எல்லாம். சொல்லச் சொல்ல நெஞ்சு இலேசானது. யோகராசா ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அவன் எழுத்து அச்சுக் குத்தினது போல அழகாக இருந்தது. அதைப் பார்த்து ஒரு கணம் அவருக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்தது.

வைகாசி கழிந்து, வடக்கே வாகரைப் பக்கம் ஷெல் விழுகிற சத்தம் வாவிக்கு மேலால் கேட்கத் தொடங்கிய நாட்களில், மாமிக்கு மற்றக் கண்ணுக்கும் திகதி வந்தது. யோகராசா கந்தோர் வாகனத்தில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தான். காலையில் மாமி சேலை மாற்றிக்கொண்டு பின்வீட்டுப் படியால் இறங்கினார். யோகராசா கையைக் கொடுத்தான். அவர் அதைப் பிடித்து இறங்கி, வளவைக் கடந்து, நேரே முன்வீட்டு விறாந்தைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரியில கனநேரம் இருக்கணும். தம்பிக்கு வேலை கெட்டுப் போகும்," என்றார், அழகரத்தினத்தின் முகத்தைப் பாராமல். "நீங்களும் வாங்க."

அழகரத்தினம் செருப்பைத் தேடினார். காலில் மாட்டி நிமிர்ந்தபோது, அவருடைய கண் தன்பாட்டில் மாமியைத் தாண்டிப் பின்னால் போனது. யோகராசாவின் முகம் வாடியிருக்கிறதா என்று பார்த்தது. வாடவில்லை. அவன் வாகனக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இருவரும் ஏறக் காத்து நின்றான்.